நூம்பல் குட்டையில் பூத்த பாசி

நூம்பல்
14.7.1968

அன்புள்ள மகள் சொர்ணத்துக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், குட்டைப் பாசியும் சுகம். டெல்லி வெயிலில் உன் சுகத்துக்கு எழுது.

உன் ஆராய்ச்சிக்காக நீ மூன்று வருஷமாகத் தேடியது நம் குட்டையிலேயே கிடைத்துவிட்டது, எள்ளளவே இருக்கும் அந்த இலைப்பாசி பூத்திருக்கிறது. நீ விட்டுப்போன லென்சில் பார்த்தேன், இலை ஓரத்தில் ஊசிமுனை அளவு மஞ்சள். விதைக்குள் கரு எப்படி வளர்கிறதென்று நீ பார்ப்பதற்காக, சொன்னபடியே தினம் டூட்டிக்குப் போகும்முன் கொஞ்சம் எடுத்து ஸ்பிரிட் புட்டியில் போட்டுத் தேதி ஒட்டினேன். நாலாம் நாள் பார்த்தால் வெளுத்துப்போக வேண்டிய பாசி பச்சைப்பசேலென்று மிதக்கிறது, ஸ்பிரிட் வாசனையே இல்லை. எல்லாம் உன் அப்பா வேலை. ஸ்பிரிட்டைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டுப் புட்டிகளில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பியிருக்கிறார். கேட்டதற்கு, "மாசமா கீற உசுர சாராயத்துல முக்கிக்கினு கீறியே, நீயெல்லாம் இன்னா நர்சம்மா?" என்கிறார். ஆயிரம் பிரசவம் பார்த்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று திட்டித் தீர்த்தேன். மதுவிலக்கு ஊரில் பக்கத்து வீட்டு உலகநாதன் அந்தச் செம்பருத்தியடியில் அரைநாள் நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது தனிக் கதை.

அன்று மத்தியானமே பஞ்சாயத்து ஆட்கள் வந்து குட்டையை வழித்துப் பாசியை எல்லாம் கரையில் போட்டுக் காயவிட்டார்கள். உன் மூன்று வருஷப் படிப்பு போயிற்றே என்று வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்பா அந்தப் புட்டிகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மிச்சமிருந்த உயிர் அவ்வளவுதான். அவரைத் திட்டியதற்கு வெட்கப்பட்டேன், ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. இப்போது எல்லாம் பேசினில் வளர்கிறது, புதிதாகவும் பூக்கிறது. கம்பவுண்டரிடம் ஸ்பிரிட் வாங்கி முதல் நாளிலிருந்து மறுபடி போட்டு வருகிறேன், ஒன்பது புட்டி ஆயிற்று. நான் எடுக்கும்போது அப்பா கொல்லைப்பக்கம் போய்விடுகிறார்.

அவர் கேட்பது ஒன்றே ஒன்று, கடைசி நாலு செடியையாவது விட்டுவிட வேண்டுமாம், "அதுங்க நல்லபடியா பெத்துக்கட்டும்" என்கிறார். உனக்குப் பத்தாமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். ஆனால் லென்சில் அந்தக் குட்டி விதையைப் பார்த்த நாளிலிருந்து எனக்கும் கை வரமாட்டேன் என்கிறது.

தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு. வேம்புலியம்மன் உன்னைக் கண்கலங்காமல் காப்பாள். பதிலை மறக்காதே. அந்த நாலும் வேண்டுமென்றால் என் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுது. வேண்டாமென்றால் வீட்டுக்கே எழுது, அப்பா பிரித்துப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. நாகவல்லி