சாயம் கலக்காத தொட்டி

அக்காவுக்கு,

மார்ச் 17, வியாழக்கிழமை, மாலை 4.20. அன்று தொட்டியில் கொட்டியது நூற்று முப்பத்தாறு பொட்டலம் ரொட்டி. அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அத்தானுக்கு வயிற்றுக் கோளாறு என்று போனில் சொன்னது பொய். உட்கார்ந்து படி.

எங்கள் ரொட்டித் தொழிற்சாலையில், தேதி முடிந்த சரக்கைக் கிழித்துப் பின்வாசல் தொட்டியில் கொட்டுவார்கள். யாரும் எடுத்துத் தின்னக் கூடாதென்று, அடுப்புக் கறையைக் கரைக்கும் திரவத்தை அதன்மேல் ஊற்றுவார்கள். திரவத்துக்கு நிறமோ வாசனையோ இல்லை, பச்சைச் சாயம் கலந்துதான் ஊற்ற வேண்டும். ஊற்றுகிறவர் அன்று விடுப்பு. மெஷின் பார்க்கிற என்னை அனுப்பினார்கள். சாய டப்பா இரண்டாவது மாடியில் இருந்தது. இதற்காக மாடி ஏறணுமா என்று வெறும் திரவத்தையே ஊற்றிவிட்டுப் போய்விட்டேன்.

இந்த ஊர்க்காரர்கள் பொட்டலத்தில் தேதியைப் பார்ப்பார்கள். முடிந்திருந்தால் தொடக்கூட மாட்டார்கள். அத்தான் முகர்ந்து பார்ப்பார். "ராத்திரி பன்னெண்டு அடிச்சா ரொட்டி செத்துடுமாடா மாப்ள?" என்று கேட்பார். குப்பைத்தொட்டி மாப்பிள்ளை என்று நானும் கிண்டல் செய்திருக்கிறேன். பச்சை தெரிந்தால் தொட மாட்டார். அன்று பின்வாசல் பெருக்கப் போன அத்தான் பச்சை இல்லையென்று ஓரத்திலிருந்து நாலு துண்டு எடுத்திருக்கிறார். ஈரத்தைத் தூறல் என்று நினைத்திருப்பார். அறையில் வாட்டி இரண்டைத் தின்றார். இரண்டை எனக்கென்று தட்டு போட்டு மூடி வைத்திருந்தார்.

தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துவிட்டன. உயிருக்கு ஆபத்தில்லை. வயிற்றில் குழாய் வைத்துத்தான் ஆகாரம் போகிறது. இனி வாயால் சாப்பிடுவது சந்தேகம் என்கிறார் டாக்டர்.

மேலாளர் ஒரு காகிதம் நீட்டினார்: சாயம் கலந்திருந்தது, தெரிந்தே திருடித் தின்றார் என்று. குப்பையிலிருந்து மனுஷன் எடுத்துத் தின்பானா என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. கையெழுத்துப் போட்டால் எனக்கு வேலை நிற்கும். அத்தானுக்குக் கம்பெனி செலவில் வைத்தியமும் கிடைக்காது, பேரும் போய்விடும். இரண்டு நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

இனி செய்யப்போவது:

1. நாளை காலை பத்து மணிக்குத் தொழிற்சாலையில் நடக்கும் விசாரணையில், சாயம் கலக்காமல் ஊற்றியவன் நான் என்று எழுதிக் கொடுப்பேன்.

2. மாலையில் அத்தானிடம் சொல்வேன். அவருக்கு இன்னும் தெரியாது.

3. டாக்டர் விட்டதும் அவரை உன்னிடம் கொண்டுவந்து சேர்ப்பேன். என்னைத் திட்ட வேண்டியதை அவர் இல்லாத இடத்தில் வைத்துத் திட்டு. எதிரே திட்டினால் எனக்காகப் பேச வருவார், தொண்டை தாங்காது.

உன் தம்பி