இரண்டு விரற்கடை

மார்ச் 3, திங்கள்

பத்தொன்பது வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. இனி முடியாது. வேறெங்கும் சொல்லாவிட்டாலும் இந்த நோட்டில் எழுதிவைக்கிறேன்.

துப்பாக்கி சுடும் கிளப்பின் செயலாளன் இன்று கல்லூரிக்கே போன் செய்தான். இரண்டாம் ஆண்டுக்கு ஒளியியல் ஆய்வகம் நடந்துகொண்டிருந்தது. "வாத்தியாரே, புது ஏர் ரைஃபிள் வாங்கறோம். மூணு பேர் குழு. நானு, கோச், நீங்க. உங்க தங்கச்சி பொண்ணுக்குத்தானே, நீங்களே வந்து பாத்துக்குங்க."

குரலில் சிரிப்பு இருந்ததா? இருந்தது.

பத்தொன்பது வருடம் முன்பு, சுடும் அணியின் கடைசி இடத்துக்கு அவனும் நானும்தான் மிச்சம். சுடும்போது போடும் ஜாக்கெட் ஓர் அளவுக்குமேல் விறைப்பாக இருக்கக் கூடாது. இருந்தால் உடம்பு செய்யவேண்டிய வேலையைத் துணி செய்துவிடும். எல்லோர் ஜாக்கெட்டையும் ஒரு முறை அளந்தார்கள். என்னுடையதை மட்டும் திரும்பக் கூப்பிட்டு அளந்தார்கள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நான் வெளியே, அவன் உள்ளே. அந்த யாரோ யார் என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது?

மனைவியிடம் போன் விஷயத்தைச் சொன்னேன். "கட்டின என்னைக்கூட அவர நெனச்ச அளவுக்கு நெனச்சிருக்க மாட்டீங்க. போயிட்டு வாங்க, பொண்ணுக்காக."

பெண்ணுக்காகத்தான் போகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

பெண் என்றால் என் தங்கை மகள். பத்தொன்பது வயது. வீட்டில் எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுகிறோம். நிஜமாகவே நெட்டை, அதிலும் கழுத்து. கிளப்பின் பழைய துப்பாக்கியிலேயே அறுபது குண்டுக்கு 625 எடுக்கிறாள்; ஒரு குண்டுக்கு உச்சம் 10.9. அதன் காற்று சிலிண்டருக்குப் பத்து வருட ஆயுள் முடிந்துவிட்டது. தேதி உலோகத்திலேயே பொறித்திருக்கிறது. இனி எந்தப் போட்டியிலும் அதை உள்ளே விடமாட்டார்கள். மே மாதம் தகுதிச் சுற்று. 622 எடுத்தால் பயிற்சி மையத்தில் இடம் — தங்குமிடம், படிப்பு, எல்லாம். எடுக்காவிட்டால் அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். இந்த ஒரு வாய்ப்புத்தான்.

இரண்டு மாதிரிகள் வந்திருக்கின்றன. ஒன்றில் குழலைத் தாங்கும் கட்டை அலுமினியம், நீல நிறம், உடம்பெல்லாம் திருகாணி. மற்றது அடுக்கு மரக் கட்டை. மரத்தைக் கையில் எடுத்ததும் எனக்குப் பழைய நாட்கள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தன. செயலாளன் நீலத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். "இதுதான் வாத்தியாரே, கண்ண மூடிட்டு வாங்கலாம்."

கண்ணை மூடிக்கொண்டு வாங்கத்தான் என்னைக் கூப்பிட்டாயா?

நெட்டை இரண்டையும் தோளில் வைத்துப் பார்த்தாள். "நீலம் நல்லாருக்கு மாமா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மரமும் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மார்ச் 10, திங்கள்

நீலத்தை விற்கும் கடைக்காரர் செயலாளனோடு ஒரே பெஞ்சில் படித்தவராம். எதிர்பார்த்ததுதான்.

மார்ச் 15, சனி

இன்று முடிவாயிற்று.

ஆளுக்கொரு கருத்து வேண்டாம், அளந்து பார்ப்போம் என்றேன். துப்பாக்கியை மேசையில் வைஸ் என்ற இரும்பு இடுக்கியில் இறுக்கிப் பிடித்து, பத்து மீட்டரில், ஒரே துளையை நோக்கி ஐந்து ஐந்து குண்டாகச் சுடுவது. அட்டையில் விழும் ஓட்டையின் அகலத்தை வெர்னியரால் அளப்பது. எது குறுகலோ அது நல்ல குழல். "வைஸுக்கு யாரோடும் சேர்ந்து படித்த பழக்கம் கிடையாது" என்றேன். கோச் சிரித்தார். செயலாளன் சிரிக்கவில்லை.

மூன்று விதப் பெல்லட் குண்டு, ஒவ்வொன்றிலும் பத்து அட்டை. மரம்: சராசரி 5.2 மில்லிமீட்டர். நீலம்: 5.6. அட்டைகளை வரிசையாக மேசையில் பரப்பிவைத்தேன். வேறென்ன வேண்டும்?

கோச் மட்டும் இழுத்தார். "சார், பாப்பா ஒரு வாரம் ரெண்டுலயும் சுடட்டுமே. வைஸுக்குக் கழுத்து இல்ல சார்."

சுடுபவருக்கு ஒரு நாள் கை வரும், ஒரு நாள் வராது, அதை வைத்து எதை நிரூபிப்பீர்கள் என்று கேட்டேன். மாதிரிகளைத் திங்களன்று திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதையும் சொன்னேன். அரை மணி நேரம் பேசினேன். பாடம் எடுப்பதுபோலத்தான் பேசியிருப்பேன். கோச் கடைசியில், "சரி சார், நீங்க படிச்சவங்க" என்றார். செயலாளன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க வீட்டுப் பொண்ணு. நீங்க சொன்னா எனக்கும் சரி" என்றான்.

அளவுத்தாளில் கடைசி வரி: தோள்தட்டு, உடலுக்குப் பொருத்தம். தோளில் படும் அந்தத் தட்டை நெட்டையின் கழுத்துக்கு ஏற்ப நன்றாகக் கீழே இறக்கவேண்டும். அப்போதுதான் துப்பாக்கி முகத்துக்கு உயர்ந்து வரும். நீலத்தில் திருகாணியைத் திருப்பினால் இறங்குகிறது. மரத்தில் இரண்டு விரற்கடை குறைகிறது. அதற்குமேல் இறக்கப் பள்ளம் இல்லை. பழகினால் சரியாகிவிடும். 'போதுமானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக அவன் என்னிடம் தோற்றிருக்கிறான். நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மனைவி கேட்டாள்: "அவளுக்கு எது பிடிச்சுதாம்?"

அவளைப் போய்ப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்கிறாள். பிடிப்பது பிடிக்காததா இதில் விஷயம்?

ஏப்ரல் 13, ஞாயிறு

619. போன வாரம் 617.

புதுத் துப்பாக்கி என்றால் அப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 26, சனி

இன்று பயிற்சியைப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். துப்பாக்கி அவள் முகத்துக்கு வரவில்லை. முகம்தான் துப்பாக்கிக்குப் போகிறது. குறிபார்க்கும் வளையத்தை விதி அனுமதிக்கும் உச்சம்வரை ஏற்றியாயிற்று. அப்படியும் ஒவ்வொரு குண்டுக்கும் கழுத்தை மடக்கிக் குனிகிறாள். முதல் இருபது அழகாகப் போகின்றன. முப்பதுக்குமேல் நடுநடுவே ஒன்பதரை, ஒன்பதே கால். பத்து என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. வலிக்கிற கழுத்துக்கு அது தெரியுமா?

இடைவேளையில் பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வலிக்குதா?" என்றேன்.

"இல்ல மாமா. தூங்கினது சரியில்ல."

"துப்பாக்கி எப்படி இருக்கு?"

"சூப்பர் மாமா. எனக்குத்தான் இன்னும் பழகல."

கோச் என் பக்கம் திரும்பவே இல்லை. இலக்குத் திரையைப் பார்த்தபடி சொன்னார்: "நீங்க அளந்து வாங்கினதாச்சே, குறை சொன்னா நீங்க சங்கடப்படுவீங்களாம். பாப்பா என்கிட்ட சொல்லுச்சு."

வேறு துப்பாக்கிக்கு இந்த வருடம் வழி இல்லை. நீலம் திரும்பிப் போய்விட்டது. ஒரு தச்சரைப் பிடித்துக் கட்டையில் பள்ளத்தை நீட்டலாமா என்று யோசித்தேன். கட்டையைத் தொட்டால் மறுபடி சோதனைக்கு அனுப்பவேண்டும், தகுதிச் சுற்றுக்குள் திரும்பி வராது.

சொல்லியிருக்கலாம் அவள். மார்ச்சிலேயே சொல்லியிருக்கலாம்.

— சொன்னாள். நீலம் நல்லாருக்கு மாமா என்று சொன்னாள்.

மே 11, ஞாயிறு

621.4.

622-க்கு 0.6 குறைவு. கடைசிப் பத்துக் குண்டில் போயிற்று. ஐம்பதாவதுவரை தேவைக்கு மேலேதான் இருந்தாள். நான் விரல்விட்டுக் கூட்டிக்கொண்டே இருந்தேன். ஐம்பத்து மூன்றில் துப்பாக்கியை இறக்கிவைத்துக் கழுத்தை இரண்டு பக்கமும் சுழற்றினாள். அப்போதே தெரிந்துவிட்டது.

வெளியே வந்து ஜாக்கெட்டைக் கழற்ற முடியாமல் நின்றாள். தங்கை பொத்தானை அவிழ்த்துவிட்டாள். நெட்டை என்னிடம் வந்து, "சாரி மாமா" என்றாள்.

என்னிடம்.

மே 12, திங்கள்

விடுப்பு எடுத்தேன். காரணம் கேட்கும் கட்டத்தில் தலைவலி என்று எழுதினேன்.

மே 19, திங்கள்

செயலாளன் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். மனைவி உள்ளே கூப்பிட்டாள், வரவில்லை.

"ரைஃபிள் சங்கத்துல ஒரு விதி இருக்கு வாத்தியாரே. கிளப் குடுத்த துப்பாக்கி பொருந்தலன்னா, அதத் தேர்ந்தெடுத்த தேர்வுக் குழு உறுப்பினர் முப்பது நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும். மறுபடி ஒரு தடவ சுட விடுவாங்க. வேற துப்பாக்கி அவங்களே தருவாங்க."

"எழுதுங்க. போட்டுக்குடுக்க உங்களுக்குத்தான் நல்லா வருமே."

"நான் எழுத முடியாது. அளவுத்தாள்ல உங்க கையெழுத்து ஒண்ணுதான் இருக்கு. பொருத்தம் போதுமானதுன்னு எழுதியிருக்கீங்க. அது தப்புன்னு எழுதினவருதான் சொல்லணும். ரெண்டே வரி. நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

இதற்குத்தான் காத்திருந்தாயா, என் கைப்பட வாங்கிக்கொண்டு போய் ஊரெல்லாம் காட்டவா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். ஜாக்கெட்டைப் பற்றியும் கேட்டேன். பத்தொன்பது வருடம் கேட்காததைக் கேட்டேன், அதுவும் பக்கத்து வீட்டில் சன்னல் திறக்கும் அளவுக்கு.

அவன் அவசரப்படாமல் சொன்னான். "ஆமா, நான்தான் சொன்னேன். விறைப்பா இருந்துது, சொன்னேன். வாயால சொன்னா எடுத்துக்க மாட்டாங்கன்னு எழுதி, பேர் போட்டுக் குடுத்தேன். நீங்க அத ஒரு தடவ கேட்டு வாங்கிப் படிப்பீங்கன்னு நெனச்சேன்."

ஜாக்கெட் விறைப்பாகத்தான் இருந்தது. இதை இங்கே எழுதுவதற்கு முன் பேனாவை மூடி மூடித் திறந்தேன். அந்த அளவெடுப்புக்கு முந்தின நாள் என் கையாலேயே உள்துணிக்குக் கஞ்சி போட்டேன்.

"ஜூன் பத்து கடைசி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மே 25, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போனேன். கூடத்தில் நெட்டையின் ஜாக்கெட்டும் காலணியும் பெட்டியில் அடுக்கியிருந்தன. யாரோ வாங்கிக்கொள்கிறார்களாம்.

"மருந்துக் கடையில பில் போட ஆள் கேட்டிருக்காங்கண்ணா. ஒண்ணாந் தேதியிலேர்ந்து போறா" என்றாள் தங்கை. "ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. செயலாளர்தான் கடைக்காரனோட சேர்ந்துக்கிட்டு ஒண்ணுக்கும் ஆகாத துப்பாக்கியத் தலையில கட்டிட்டாராம். நீங்க குழுவுல இருந்தீங்களே, உங்களுக்குத் தெரியாம எப்படிண்ணா?"

"அவன் அப்படித்தான்" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. திருப்பி எடுக்க நேரம் இருந்தது. தங்கை தண்ணீர் எடுத்துவர உள்ளே போய் வரும்வரை நேரம் இருந்தது. நெட்டை என்னைப் பார்த்தாள். நீலம் யார் கேட்டது, மரம் யார் கேட்டது என்று அவளுக்குத் தெரியும். பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

ஜூன் 1, ஞாயிறு

அவள் இன்று வேலைக்குப் போயிருப்பாள்.

ஜூன் 5, வியாழன்

எழுதினேன், கிழித்தேன். முதல் கடிதத்தில் எல்லாம் செயலாளன் செய்ததாக வந்தது. இரண்டாவது கடிதத்தில் 'நான்' என்று தொடங்கி 'தேர்வுக் குழு' என்று முடிந்தது. மாணவன் எழுதியிருந்தால் சுழித்திருப்பேன்.

ஜூன் 8, ஞாயிறு

கடிதம் முடிந்தது. துறை அலுவலகத்தில் ஆளில்லாத நேரத்தில் தட்டச்சு செய்தேன். ஒரு பக்கம். இதில் பொய் ஒன்றும் இல்லை. 'குழுவிலிருந்த கல்லூரி ஆசிரியர், செயலாளர்மீது கொண்ட பழைய பகையால், அவர் விரும்பிய துப்பாக்கியை மறுக்கவேண்டும் என்பதற்காகவே மற்றதைத் தேர்ந்தார். தோள்தட்டு இரண்டு விரற்கடை குறைவதை அவர் அன்றே கண்டார். கண்டும் போதுமானது என்று எழுதினார். அந்தப் பெண்மீது எந்தத் தவறும் இல்லை. செயலாளர்மீதும் இல்லை.' திரும்பப் படித்தபோது அந்த ஆசிரியரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவரைப் பற்றி எழுத முடிந்தது.

மனைவி தோளுக்குமேல் எட்டிப் படித்தாள். கீழே காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க?"

"விஷயம்தானே முக்கியம்" என்றேன்.

"உறுப்பினர் எழுதிக் குடுக்கணும்னுதானே அவர் சொன்னாரு. எந்த உறுப்பினர்னு தெரிய வேண்டாமா?"

விதிப் புத்தகத்தை நானும் எடுத்துப் படித்தேன். 'உறுப்பினரின் கையொப்பத்துடன்' என்றுதான் இருக்கிறது.

அவள் எழுந்துபோய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

உறையை ஒட்டிவிட்டேன். முகவரியையும் தட்டச்சில்தான் அடித்திருக்கிறேன். நாளைக் காலை கல்லூரிக்குப் போகும் வழியில் பெட்டியில் போடுகிறேன், இப்படியே, பெயர் இல்லாமல்.