மூன்று தடவை, ஐந்து நேரம்

12 நவம்பர் 2025, புதன்

கொச்சி மட்டாஞ்சேரி ஜெட்டிக்கு மெட்ரோ படகு வர ஆரம்பித்த வருஷம் இது. என் மனைவி பத்ருன்னிசா கண்ணை மூடி, மவுத்தாகி, இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. எனக்கு வலது கண்ணில் புரை எடுத்ததும் இந்த வருஷம்தான். எழுத்து தெரியாதவன் வருஷத்தை இப்படித்தான் பிடித்துவைக்க வேண்டும்.

இதை நான் எழுதவில்லை. போனிடம் சொல்கிறேன், அது எழுத்தாக்கி வைத்துக்கொள்கிறது. அமுக்கினால் எனக்கே திரும்பப் படித்துக் காட்டும். மகள் ஆஷிஃபா ஏற்பாடு செய்து கொடுத்தது. "அம்மாகிட்ட பேசற மாதிரி செவத்துகிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க அத்தா. இதுகிட்டயாச்சும் பேசுங்க" என்றாள். பாலக்காட்டில் இருந்த அண்ணனுக்குக் கடிதம் சொல்லிச் சொல்லி மற்றவர்களை எழுதவைத்த வாய் இது. அதனால் கடிதத் தமிழாகத்தான் வருகிறது. ஆஷிஃபாவால் இதைப் படிக்க முடியாது. அவள் படித்தது மலையாளம்.

காலையில் கொச்சங்காடி முக்கில் சங்கரியின் தள்ளுவண்டிக்கு சாயா குடிக்கப் போனேன். தேனிப் பக்கத்துப் பெண். இட்லிக் கொப்பரையும் சாயா அடுப்புமாக விடியலிலேயே நிற்பாள். இன்று முகத்தில் பாதியைத் துண்டால் மூடிக் கட்டியிருந்தாள். என்னம்மா என்றேன். "ஒண்ணுமில்ல, அடுப்புச் சூடு" என்றாள். என்னைப் பார்க்காமலே டம்ளரை வைத்தாள். வழக்கமாக "பாய் தாத்தாவுக்கு சீனி கொறச்சு" என்று ராகம் போடுவாள்.

14 நவம்பர், வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது முன்பின் தெரியாத ஒருவன், "இக்கா, மொகம் நல்லா மின்னுதே, ஏது குப்பி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். குப்பியா? நான் குடிக்கிறேன் என்று நினைத்துவிட்டானா?

15 நவம்பர், சனி

இப்போது தெரிந்துவிட்டது.

சங்கரி கடையில் பாண்டித்துரை இருந்தான். மிளகு கிடங்கில் மூட்டை தூக்குகிறவன், வாயைக் கட்டிவைக்கத் தெரியாதவன். "வாங்க ஸ்டாரு" என்றான். "ஊர் பூரா பொம்பளைங்க உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க பாய். எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா."

போனைக் காட்டினான்.

நான். எங்கள் வீட்டுக் கொல்லையில், குழாயடியில், கல்லின் மேல் உட்கார்ந்து ஒளு செய்கிறேன். ரமலானுக்கு முன்னால் ஆஷிஃபா எடுத்தது. தொழுகைக்கு முன்னால் எப்படிக் கழுவ வேண்டும் என்று மதரஸாப் பிள்ளைகளுக்குக் காட்டக் கேட்டிருக்கிறார்கள் என்றாள். நானும் புதுச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு அவள் கேட்டாள், நான் சொன்னேன்:

"எத்தன தடவ அத்தா?"

"மூணு."

"ஒரு நாளைக்கு?"

"அஞ்சு நேரம். ஒரு நேரமும் விடக்கூடாது."

"எங்கேர்ந்து எங்க வரைக்கும்?"

"முடி மொளைக்கிற எடத்துலேர்ந்து தாடைக்குக் கீழ. இந்தக் காதுலேர்ந்து அந்தக் காது."

எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் நான் வாய் கொப்பளித்தது இல்லை, மூக்கைச் சுத்தம் செய்தது இல்லை. முழங்கை வரைக்கும் கழுவியது, தலையைத் தடவியது, கால் கழுவியது, எதுவுமே இல்லை. முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி எறிந்திருக்கிறாள். நடுவில் ஒரு கை வருகிறது. முகம் கழுவ ஏதோ கம்பெனி விற்கிற பச்சைக் குப்பியை அமுக்கி, உள்ளங்கையில் நுரை எடுக்கிறது. அடுத்த நொடி என் ஈர முகம், என் குரல். "மூணு. அஞ்சு நேரம். ஒரு நேரமும் விடக்கூடாது."

அந்தக் கை என்னுடையது இல்லை. என் வலது கட்டைவிரலுக்கு நகம் கிடையாது. கொக்கி தவறி ஏலக்காய் மூட்டைக்குப் பதில் விரலில் இறங்கியபோது போனது. கூட மூட்டை தூக்கிய ஒச்சப்பன் தன் வேட்டியைக் கிழித்துக் கட்டிவிட்டான். வீடியோவில் வருகிற கைக்கு எல்லா விரலிலும் நல்ல நகம்.

"பாண்டி, இது ஒளுடா. தொழுகைக்குக் கழுவறது. நான் என் வாழ்நாள்ல மூஞ்சிக்கு சோப்பே போட்டதில்ல" என்றேன்.

அப்போதுதான் சங்கரி துண்டை அவிழ்த்தாள்.

யா அல்லாஹ். இரண்டு கன்னமும் தோல் உரிந்து, வாயோரம் வெடித்து, மூக்குக்குக் கீழே கருகின மாதிரி. அவளுக்குக் கன்னத்தில் மங்கு உண்டு, இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து இருக்கிறது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அது போகும் என்று வாங்கியிருக்கிறாள். மூன்று மூன்று தடவையாக, ஐந்து நேரம். அடுப்பை விட்டுவிட்டு ஓடி ஓடிக் கழுவியிருக்கிறாள். எனக்கு அது பச்சைத் தண்ணீர். அவளுக்கு அது குப்பிக்குள் இருந்த மருந்து.

"ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்டாங்க, எந்தக் கிறுக்கன் உனக்கு ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவ கழுவச் சொன்னான்னு" என்றாள். "நான் உங்க பேரச் சொல்லல."

"சங்கரி, எனக்குத் தெரியாதும்மா."

"கம்பெனிக்காரன் பொய் சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா தாத்தா? உங்க வாயால கேட்டேனே."

சாயாவைக் குடிக்க முடியவில்லை.

15 நவம்பர், சனி, இன்னும்

ஆஷிஃபாவிடம் கேட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆமா, போட்டேன். பின்னே என்ன அத்தா? கெட்டதா ஒண்ணும் காட்டலியே. மூஞ்சி கழுவறதுதானே."

"ஒளுவை வித்திருக்க."

"மொகத்தக் காட்டினேன். ஒளுன்னு எங்க சொன்னேன்?"

அது எனக்கு அடிவிழுந்த மாதிரி இருந்தது. ஒளு என்று சொல்லாததுதான் குற்றமே!

பிறகு அவள்தான் கத்தினாள். "அப்ஸல் என்னை விட்டுட்டுப் போனதுலேர்ந்து இந்த நாலு செவத்துக்குள்ளதான் இருக்கேன். அம்மாவுக்குப் பாத்தேன். இப்ப உங்களுக்குப் பாக்கறேன். ஒரு வருஷம் என் மூஞ்சிய வெச்சு வீடியோ போட்டேன், ஒரு நாயும் நின்னு பாக்கல. உங்க மூஞ்சி வந்ததும் நின்னாங்க. நான் என்ன செய்யட்டும்?"

அப்ஸல் அவளுக்குக் கணவனாக இருந்தவன். அவன் பெயரை அவள் சொல்லிக் கேட்டு நாளாகிறது. எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. அதுவேறு கோபமாக இருந்தது. திட்ட வந்தவனை இரக்கப்பட வைத்துவிடுகிறாள்.

சங்கரியின் முகத்தைச் சொன்னேன். மீனைக் கழுவுவதை நிறுத்தினாள். "எடுத்துடறேன்" என்றாள்.

16 நவம்பர், ஞாயிறு

போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "பாருங்க அத்தா, இல்ல. எடுத்தாச்சு. இங்க எழுதியிருக்கு பாருங்க." பார்த்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. சரிம்மா என்றேன். அவள் தலையைத் தொட்டு, நல்லா இருக்கட்டும் என்று துஆ செய்தேன்.

19 நவம்பர், புதன்

சங்கரியிடம் போய் எடுத்தாயிற்று என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். டாக்டரம்மா சோப்பே வேண்டாம், காலையிலும் படுக்கும் முன்னாலும் பச்சைத் தண்ணீர் போதும் என்று சொல்லியிருக்கிறார். துண்டால் தேய்க்காமல் ஒத்தி எடுக்க வேண்டுமாம். "நீங்க எப்பிடிக் கழுவுவீங்க, நெசமா?" என்று கேட்டாள். நான் தேய்க்கிறதில்லை. கையில் பிடித்த தண்ணீரை நெற்றியில் வைத்து அப்படியே கீழே இறக்குவேன், அறைய மாட்டேன். செய்து காட்டினேன். பாண்டித்துரை, "இதையும் யாராச்சும் படம் புடிச்சுறப் போறாங்க" என்றான். சங்கரிக்குச் சிரிப்பு வந்து, வாயோரம் இழுத்து வலித்தது. "சிரிக்க வைக்காத எருமை" என்று கரண்டியை ஓங்கினாள். இன்றைக்கு சீனி குறைத்துத் தந்தாள்.

24 நவம்பர், திங்கள்

நல்ல நாள். சொல்ல ஒன்றுமில்லை.

2 டிசம்பர், செவ்வாய்

இருக்கிறது. அது இன்னும் இருக்கிறது.

ஜெட்டியில் படகுக்கு நின்ற ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டாள். கையில் போன். அதில் நான். என் குரலுக்கு மேல் ஒரு பெண் குரல் மலையாளத்தில் பேசுகிறது. ஆஷிஃபாவின் குரல்! இது எப்போது வந்தது மோளே என்று கேட்டேன். "நேத்து" என்றாள். "ஞானும் வாங்கி, வாப்பா." பையைத் திறந்து பச்சைக் குப்பியைக் காட்டினாள்.

மூன்று தடவை வேண்டாம், ஐந்து நேரம் வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். நான் போட்டதே இல்லை என்றேன். கிழவனுக்குப் புத்தி மாறிவிட்டது என்று நினைத்திருப்பாள். தலையாட்டிக்கொண்டே படகில் ஏறிவிட்டாள்.

அப்படியானால் அன்று ஆஷிஃபா எனக்குக் காட்டியது என்ன? எந்த எழுத்தைக் காட்டினாள்?

ஐந்து வயசிலிருந்து எனக்கு பஸ் போர்டு படித்துச் சொன்னவள் அவள். ரேஷன் கடை, கரண்டு பில், பத்ருன்னிசாவின் மருந்துச் சீட்டு, எல்லாம் அவள் படிப்பாள், நான் அதன்படி நடப்பேன். ஒருநாளும் மறுபடி கேட்டதில்லை. அந்தக் கண்ணால் என்னைப் பார்த்து, எழுத்தைக் காட்டி — இல்லாததை இருக்கிறது என்று — இல்லை, இருப்பதை இல்லை என்று —

அந்த வீடியோவைக்கூட விட்டுவிடலாம். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை வெளியில் எத்தனையோ பேர் பயன்படுத்திக்கொண்டார்கள். கூலிக் கணக்கில், கடையில், கோர்ட்டு வாசலில். அப்போதெல்லாம் வீட்டுக்கு வந்தால் போதும் என்றிருக்கும்.

2 டிசம்பர், செவ்வாய், மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு

கேட்டேன். அழுதாள். "கம்பெனியில வுட மாட்டேன்னு சொல்லிட்டாங்க அத்தா. காசு பேசி முடிச்சதுக்குப் பிறகு எடுக்கக் கூடாதாம். உங்ககிட்ட எப்பிடிச் சொல்ல?"

"அதுக்கு எனக்கு எழுத்தக் காட்டினியா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இந்த வீட்டுக் குழாயில் இனிமேல் ஒளு செய்ய மாட்டேன்.

18 டிசம்பர், வியாழன்

பள்ளிவாசலில் போய்க் கழுவுகிறேன். ஹவுள் தொட்டியின் தண்ணீர் விடியலில் பல் கிட்டும். பரவாயில்லை.

வீடியோ போய்விட்டது. இந்தத் தடவை நான் ஆஷிஃபாவிடம் கேட்கவில்லை. பாண்டித்துரை தேடிப் பார்த்தான், சங்கரி தேடிப் பார்த்தாள். அதற்குப் பதிலாக இன்னொன்று இருக்கிறதாம். ஆஷிஃபா மட்டும், குழாயடியில் நின்றுகொண்டு, பவுடர்கூடப் போடாமல். பாண்டித்துரை போனைக் காதில் வைத்துக்கொண்டு எனக்குத் தமிழில் சொன்னான்: "அது ஒளுவாம். அத்தா ஒரு நாளும் அந்தக் குப்பியத் தொட்டதில்லையாம். நான் பொய் சொன்னேங்கறா. அப்பிடிக் கழுவாதீங்க, மூஞ்சி போயிரும்ங்கறா." பிறகு திரையைப் பார்த்து, "முந்நூறு பேர்கூடப் பாக்கல பாய்" என்றான். பழையதை லட்சம் பேர் பார்த்தார்களாம். கம்பெனிக்காரர்கள் போன் செய்து திட்டுவது அடுக்களையிலிருந்து எனக்குக் கேட்கிறது. அவள் "சரி சார், சரி சார்" என்கிறாள்.

சங்கரியின் கன்னத்தில் புதுத் தோல் வருகிறது. வெளிறி, திட்டுத்திட்டாக. பழைய மங்கே தேவலை என்கிறாள்.

நான் இன்னும் ஆஷிஃபாவோடு சரியாகப் பேசவில்லை. சோறு வைக்கிறாள், சாப்பிடுகிறேன். படிக்க வேண்டிய காகிதம் வந்தால் பள்ளிவாசலில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு வாரம் முன்னால் நடந்ததை இன்னும் இந்தப் போனிடம் சொல்லவில்லை. வாய் வரவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

அவள் அழுத மறுநாள் காலை, பள்ளிவாசலில் சுப்ஹு தொழுகை முடித்து வீட்டுக்கு வராமல் அப்படியே வைட்டிலா பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் ஏறிவிட்டேன். போனை வேண்டுமென்றே கட்டிலில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஸ்டாண்டில் "பாலக்காடு, பாலக்காடு" என்று கண்டக்டர் கூவுகிறான். படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். யார் வீட்டுக்கு என்று அப்போதுதான் தோன்றியது. காலை எடுத்துவிட்டேன். பஸ் போய்விட்டது. அடுத்ததும் போனது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், வெயில் ஏறியது, கண் இருட்டிக்கொண்டு வந்தது.

காவலுக்கு நிற்கிற பெண் ஒருத்தி, காக்கிச் சட்டை போட்டவள், தண்ணீர்க் குப்பி கொண்டுவந்து, குடிக்க வைத்து, முகத்தையும் துடைத்துவிட்டாள். "வாப்பா, ஆரும் இல்லே கூட? ஆரெயா விளிக்கேண்டது? நம்பர் பற." யாரைக் கூப்பிட என்று கேட்கிறாள்.

எண்ணெல்லாம் நாக்கில் இருக்கிறது. எழுதிவைக்காதவனுக்கு எதுவும் மறப்பதில்லை. பாலக்காட்டில் அண்ணன் பக்கீர் முகம்மதின் எண். அண்ணன் நெஞ்சுவலியில் போனார். அவர் பிள்ளைகளுக்கு என் முகம்கூடத் தெரியாது. தங்கை சுபைதாவின் எண். அவள் கொரோனாவில், முகத்தைப் பார்க்கவும் விடவில்லை. கும்பளங்கியில் ஒச்சப்பன் எண். அவன் பெரிய வெள்ளத்துக்கு மறுவருஷம் போனான். பத்ருன்னிசா வைத்திருந்த எண். அதை நான் எத்தனையோ தடவை அழுத்தியிருக்கிறேன், இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள்.

அந்தப் பெண் போனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பறயு வாப்பா. ஆருண்டு நிங்களுக்கு?"

"மக இருக்கா" என்றேன். "ஆஷிஃபா."