சுவரில் இரண்டு தட்டு

என் அருமை அலாரத்துக்கு,

உட்கார்ந்துகொண்டு படி, இல்லாவிட்டால் மயங்கி விழுவாய். பதினோரு நாளாக நான் காலை ஆறு மணிக்கே எழுந்துவிடுகிறேன்! எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர், அரை மணி நேர நடை, அப்புறம் தட்டு முன்னால் உட்கார்ந்து சாப்பாடு. பிஸ்கெட்டைச் சாப்பாடு என்று சொல்வதை நிறுத்திவிட்டேன்.

விடுதியில் தினமும் நீ பக்கத்து அறையிலிருந்து சுவரில் இரண்டு தட்டு தட்டுவாய். விழித்துவிட்டேன் என்று நான் ஒரு தட்டு தட்டுவேன். வீட்டுக்கு வந்த மறுநாள், பழக்க தோஷத்தில் நானே சுவரைத் தட்டிவிட்டேன். பக்கத்து அறையிலிருந்த அப்பா துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

"எங்கேம்மா கரப்பான்?"

சிரித்துக்கொண்டே நம் வழக்கத்தைச் சொன்னேன். நான் சாப்பிடாமல் மயங்கிக் கிடந்து பதிலுக்குத் தட்டாத அந்த ஒரு காலையை மட்டும் சொல்லவில்லை. அப்பா சுவரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தோடு திரும்பினார்.

நடக்கக் கூப்பிட்டால் மட்டும், "நாள் முழுக்க பஸ் ஓட்டி ஊரையே சுத்துறேன், எனக்கெதுக்கும்மா நடை?" என்று தினமும் நழுவிவிடுவார்.

இன்று ஆறு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு! துள்ளி எழுந்து ஒரு தட்டு தட்டினேன்.

"எழுந்துட்டியா? வா, நான் ஷூ மாட்டிட்டேன்."

ஆகவே, தாயே, இனி ஆறு மணிக்கு விழித்து என்னை நினைக்காதே. நாளைக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கு. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் பக்கத்து அறைச் சோம்பேறி (ஓய்வு பெற்றவள்)