அண்ணியின்ர ஓவனில் வெந்த எஞ்சின் மூடி

என்ர அன்பு அண்ணிக்கு,

லண்டனில தோர்ண்டன் ஹீத் தொடக்கம் செவன் கிங்ஸ் மட்டும் உள்ள சகல தமிழ்ச் சனத்தின் முன்னிலையிலும் சத்தியம் பண்ணி ஒரு கதை சொல்லப்போறன். ஒருத்தரும் நம்பமாட்டினம். நம்புற ஆள் ஆரும் இருந்தால், அவரை முதலில டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகவேணும்.

அதுக்கு முன்னம் வீட்டுப் புதினம். அண்ணை சுகம். நீங்கள் கண்மூடி, முப்பத்தோராம் நாள் காரியம் முடிஞ்ச கையோட தானே தேத்தண்ணி போடப் பழகிவிட்டார். அதைக் குடிக்கத்தான் நாங்கள் இன்னும் பழகேல்லை. குரோய்டனில ட்ராம் விடப்போறம் எண்டு ரோட்டை எல்லாம் கிண்டிப் போட்டிருக்கிறாங்கள். உங்கட மகள் சுகிக்கு இந்தக் கதையைச் சொன்னன். "சித்தப்பா, அம்மா மோட்டர்சைக்கிள் போனாலே காதைப் பொத்துறவ. நீங்க சும்மா சொல்றீங்க" எண்டு சிரிக்கிறாள். அதுதான் உங்களையே சாட்சிக்கு இழுக்கிறன்.

உங்கட சின்னறையில என்ர சூட்கேசும் நானும் முறைவைச்சுப் படுத்த காலம் ஞாபகம் இருக்கோ? அப்ப எனக்குக் கெவின் எண்ட வெள்ளைக்காரன்ர பட்டறையில வேலை. பந்தய மோட்டர்சைக்கிள்களை அங்கை ஆயத்தம் பண்ணுவாங்கள். நான் நிலம் கூட்டினனான். ஊருக்குக் கடிதம் எழுதேக்கை மட்டும், பிரித்தானியப் பந்தய உலகத்தின் தூசித் திணைக்களத்துக்கே அதிபதி.

ஒருநாள் கெவின் ஒரு அலுமினிய எஞ்சின் மூடியையும், வெட்டி மிஞ்சின கார்பன் ஃபைபர் துணியையும் என்ர கையில தந்தான். பந்தயத்தில வண்டி சரிஞ்சு இழுபட்டால் அந்த மூடி தேய்ஞ்சு ஓட்டையாகி, எஞ்சின் ஒயில் ரோட்டில கொட்டும். பின்னால வாறவனும் சறுக்கி விழுவான். அதுக்குத்தான் மூடிக்கு மேல கார்பனில ஒரு கவசம். சனிக்கிழமை ஒழுங்கான கவசத்தோட வந்தால் எனக்குப் பட்டறை மேசையில சாமான் செய்யிற வேலை. அலுமினிய மூடியைப் பழுதாக்கிக்கொண்டு வந்தால் நிலம் கூட்டுற தும்புத்தடியையும் வேற ஆளிட்டைக் குடுப்பன் எண்டான்.

கூறைச்சேலை மாதிரி மினுங்கின கறுப்புத் துணி. அதை ரெசின் எண்ட இறுகுற பசையில தோய்ச்சு, மூடிக்கு மேல அடுக்கடுக்காய்ப் படியவைச்சு, ஓவனில இளஞ்சூட்டில இறுகவைக்கவேணும். முதலில மூடிக்கு மெழுகு பூசினால்தான் பிறகு கவசம் கழரும். நான் புதன்கிழமையே மெழுகைப் பூசி, குசினி மேசையில வைச்சிட்டு வேலைக்குப் போனன்.

நீங்கள் பார்த்தீங்கள். பாவம் பெடியன், ஊத்தைச் சாமானோட மாயிறான் எண்டு சுடுதண்ணியும் சோப்பும் போட்டுத் தேய்ச்சுக் கழுவினீங்கள். அதோட விட்டீங்களோ? தட்டுக்கு எண்ணெய் தடவாமல் ஆர் தொதல் கிண்டி ஊத்துவினம் எண்டு, மூடி முழுக்கத் தேங்காயெண்ணெயையும் தடவி வைச்சீங்கள். மார்ச் மாசக் குளிர். அது மெழுகைப் போலவே வெள்ளையாய் உறைஞ்சு கிடந்தது. நான் எங்கை கண்டன்? வியாழன் பின்னேரம் துணியை அடுக்கி உங்கட ஓவனில வைச்சன். சூட்டில எண்ணெய் உருகி ஓட, ரெசின் அலுமினியத்தைக் கட்டிப் பிடிச்சிட்டுது. அந்த மணத்துக்கு தேம்ஸ் ஆறு ஒரு முழம் பின்னுக்குப் போனது எண்டு பேப்பரிலயும் வந்ததாம்.

வெள்ளி காலமை இழுத்தன். அண்ணை இழுத்தார். மிருகக்காட்சிச்சாலையில இருந்து ரெண்டு யானை லீவு போட்டு வந்து இழுத்தது. தாலி கட்டின சோடி மாதிரி ரெண்டும் பிரியமாட்டன் எண்டு நிண்டது.

"உன்ர பந்தயம் முடிஞ்சுது. போய்ப் பெட்ரோல் ஷெட்டில வேலை கேள்" எண்டிட்டு அண்ணை கையைக் கழுவப் போனார். நான் கதிரையில இருந்திட்டன். அகதி மனுவுக்கு மறுமொழி இல்லை, ஊரில இருந்து கடிதம் இல்லை, இப்ப இதுவும் இல்லை.

நீங்கள் அடுப்பைக் குறைச்சுப்போட்டு வந்து கேட்டீங்கள். "தம்பி, ஒண்டுக்குள்ள ஒண்டு இறுகின தம்ளரை என்னெண்டு கழட்டுறது?"

"உள்ளுக்கு ஐஸ்தண்ணி, வெளியில சுடுதண்ணி."

"பிறகேன் குந்திக்கொண்டு இருக்கிறீர்?"

அந்தப் பெரிய ஃப்ரீசர் பெட்டியைத் திறந்தால், ஒரு ஊசி வைக்க இடமில்லை. மாசம் முழுக்கச் சமைக்க அண்ணை வாங்கி நிரப்பின விளைமீனும் பாரையும். எல்லாத்தையும் இறக்கிப்போட்டு மூடியை உள்ளை வைச்சம். பின்னேரம் எடுத்து, கவசத்துக்கு மேல நீங்கள் கேத்திலில கொதிச்ச தண்ணியை ஊத்த, 'டக்' எண்டு ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில குரோய்டன் பக்கம் ஒரு குடிவரவு உத்தியோகத்தர் திடுக்கிட்டு, முன்னால நிண்ட நாலு பேருக்கு விசா குத்திப்போட்டார். கவசம் கழண்டு உங்கட முந்தானையில விழுந்தது. அலுமினியத்தில ஒரு கீறல் இல்லை.

சனிக்கிழமை கெவின் அதை வெளிச்சத்தில திருப்பித் திருப்பிப் பார்த்தான். நகத்தால தட்டினான். எஞ்சினின்ர மற்றப் பக்க மூடியையும் எடுத்து என்ர கையில வைச்சான். அடுத்த பந்தயத்தில அந்த வண்டி சரிஞ்சு, அரைவாசி இங்கிலாந்துக்கு இழுபட்டு, பிரான்ஸ் தெரியிற தூரத்தில போய் நிண்டது. ஒயில் ஒரு சொட்டுச் சிந்தேல்லை. இண்டைக்கு அதே பட்டறையில யன்னலோர மேசை என்னுடையது, அண்ணி. நான் சொல்லாமல் ஒருத்தரும் ஓவனைத் திறக்கேலாது.

சரி. யானை வரேல்லை. தேம்ஸ் ஆறு கிடந்த இடத்திலதான் கிடக்குது. வண்டி எவ்வளவு தூரம் இழுபட்டது எண்டு எனக்கே இப்ப மறந்துபோச்சு.

ஆனால் உப்புப்புளி சேர்க்காத உண்மை ஒரு சின்னத் துண்டு இருக்கு. அண்டைக்கு வெள்ளிக்கிழமை. உங்கட வீட்டில வெள்ளியில மீன் எண்டு வாயாலயும் சொல்லக்கூடாது. நீங்கள் முழுகி, திருநீறு பூசி, விளக்குக் கொளுத்திவிட்டு நிண்டனீங்கள். நான் கேட்கேல்லை. நீங்களாகவே குனிஞ்சு, அந்த மீன்களை உங்கட கையால எடுத்து எடுத்து வெளியில வைச்சீங்கள். பக்கத்து வீட்டு ஜமேக்கா மனிசியைக் கூப்பிட்டு அவ்வளவையும் குடுத்தீங்கள். போய்த் திரும்ப முழுகினீங்கள். அந்த மாசம் முழுக்கப் பருப்பும் சொதியும்தான். அதைப் பற்றி ஒருநாளும் நீங்கள் என்னோட கதைக்கேல்லை. ஏன் அண்ணி?

மற்றதெல்லாம் நான் சொல்லச் சொல்ல வளரும், யானை நாலாகும். உங்கட பேரப்பிள்ளையளுக்கும் சொல்லுவன். ஆனால் இந்த இடம் வந்தால் ஒரு மீன்கூடக் கூட்டிச் சொல்லமாட்டன். இது சத்தியம்.

உங்கட பிள்ளையளின் சித்தப்பா,
உங்கட சின்னறைத் தம்பி