குப்பு அண்ணனின் இடது தோள்

டேப்லெட் பேனாவின் பின்முனையை இப்படியா கடித்து வைப்பாய்? இன்று காலை மேசையைத் துடைக்கும்போது கையில் அகப்பட்டது. எலியின் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பல்தடத்தைப் பார்த்தேன். நடுவில் அந்த இடைவெளி. மந்தாரக்குப்பத்தில் அப்படி ஒரு எலி எனக்குத் தெரிந்தே இருந்தது. அது போய் ஒரு மழைக்காலம் ஆகிறது.

உன்னிடம் சொல்லாமல் சேர்ந்துபோன ஊர்வம்பு நிறைய இருக்கிறது. முதலில் பெரியதைச் சொல்லிவிடுகிறேன். நாம் படம் செய்கிற சாஃப்ட்வேரை நிறுத்தப்போவதாகக் கம்பெனிக்காரன் மெயில் அனுப்பினான். மாதக் கடைசிக்கு மேல் திறக்காது, உடனிருந்ததற்கு நன்றி, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று இரண்டே பத்தி. வீட்டைக் காலி செய்யச் சொல்கிற ஓனர்கூட உட்காரவைத்துத்தான் சொல்வார்.

அனிமேஷன்காரர்களின் வாட்சப் குழுவில் ஒரே ஒப்பாரி. கோயம்புத்தூர்க்காரர் குழந்தைப்பாட்டுப் படம் பாதியில் நிற்கிறது என்று புலம்பினார். சென்னையில் ஒருவர், ‘கட்டின பொண்டாட்டிய விட அதோடதான்யா அதிகமா குடும்பம் நடத்துனேன்’ என்று எழுதினார். கட்டின பொண்டாட்டியும் அதே குழுவில் இருப்பதை மறந்துவிட்டார். அன்று மாலைக்குள் இன்னொருவர் புது சாஃப்ட்வேர் கற்றுத்தரும் வகுப்புக்கு விளம்பரமே போட்டுவிட்டார். நான் சிரித்துக்கொண்டே படித்தேன். குப்பு அண்ணன் ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றது.

நம் பிழைப்பே குப்பு அண்ணன்தானே. நிலக்கரி மைன்ஸுக்குள் முதல்முறை போகிற கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் போட்டுக் காட்டும் பாதுகாப்புப் படங்களில், மஞ்சள் ஹெல்மெட்டும் முறுக்கு மீசையுமாக வந்து, எங்கே நிற்கணும் எங்கே நிற்கக்கூடாது என்று சொல்லும் பொம்மை ஆசாமி. குரல் என்னுடையது. உடம்பு உன்னுடையது. எந்த அசைவாக இருந்தாலும் நீ முதலில் செய்து பார்ப்பாய், நான் போனில் படம் பிடிப்பேன், அதைப் பார்த்துப் பார்த்து வரைவாய். சேற்றில் வழுக்கி விழும் காட்சிக்காக நீ பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டப்பகலில் விழுந்து புரண்டதும், மாப்பிள்ளை குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று சாயங்காலத்துக்குள் உன் மாமனார் காதுவரை போனதும் ஊரறிந்த கதை. பாவம், மைன்ஸில் கம்ப்யூட்டர் வேலை, சீக்கிரம் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று நம்பிப் பெண் கொடுத்த மனிதர்.

நீ போன பிறகு உன் செல்வி சனிக்கிழமைதோறும் காய் வாங்க வருகிறாள். பையோடு நம் கடைக்கு மாடியேறி வருவாள். “ண்ணா, ஒரு வாட்டி நடக்க வுடுங்க” என்பாள். நான் ஃபைலைத் திறப்பேன். குப்பு அண்ணன் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, இடது தோளைத் தாழ்த்திக்கொண்டு, உன்னைப்போலவே நடந்து போவான். பார்ப்பாள், கீரைக்கட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கிவிடுவாள். உன் படம் வீட்டில் மாலையோடு தொங்குகிறது. நீ நடப்பது இங்கே மட்டும்தான்.

வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று குழுவில் யோசனை சொன்னார்கள். வைக்கலாம். ஆனால் அப்போது நீ ஏற்கெனவே நடந்ததைத்தான் திரும்பத் திரும்ப நடப்பாய். புதிதாக ஓர் இடத்துக்கு நடந்து போகமாட்டாய்.

எனக்கு உடனே தேவைப்பட்டதும் அந்தப் புதிய இடம்தான். மழை ஆரம்பிப்பதற்குள் சரிவில் பத்திரமாக இறங்குவது பற்றி ஒரு படம் வேண்டும், வெள்ளிக்கிழமை காட்டணும் என்று கான்ட்ராக்டர் ஆபீசிலிருந்து நெருக்கினார்கள். பழைய சாஃப்ட்வேரிலேயே முடித்துக் கொடுக்கலாம் என்றால், அடுத்த மாதம் திருத்தம் சொல்வார்கள். திருத்தம் சொல்லாத ஆபீசர் இன்னும் பிறக்கவில்லை. எனக்கோ நேர்க்கோடுகூடப் போடத் தெரியாது. கடலூர் பக்கத்திலிருந்து ஜெனிஃபர் என்ற பெண்ணை அழைத்தேன். புது சாஃப்ட்வேரில் கெட்டிக்காரி.

“ண்ணா, உருவம் வந்துடும். நட வராது. பழைய வீடியோவ பாத்து நேர் ரோட்டுல நடக்கறத போட்டுடுவேன். சரிவுல அவரு எப்டி எறங்குவாருன்னு எனுக்கு எப்டி தெரியும்?”

“முதல்ல ஆள உள்ள கொண்டு வாம்மா.”

கொண்டுவந்தாள். திரையில் மீசை வந்தது, சட்டை வந்தது, கால்கள் வந்தன. பிறகு ஹெல்மெட் மட்டும் தனியாகக் கழன்று ஒரு மூலைக்கு ஓடியது. குப்பு அண்ணனின் புருவத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை.

“மாதாவே!” என்று ஜெனிஃபர் சிலுவை போட்டுக்கொண்டாள். எந்தப் பட்டனை அழுத்தினாலும் திரை அசையவில்லை. அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் செருப்புச் சத்தம். அன்று சனிக்கிழமை.

நான் பாய்ந்துபோய் மானிட்டருக்கு முன்னால் நின்றேன். என் அகலத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் உபயோகம்.

“இன்னாணா மறைக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல செல்வி. கம்ப்யூட்டர் சூடாயிடுச்சு. காத்து வுடறேன்.”

“நீங்க காத்த மறைச்சிகினு இல்ல நிக்கிறீங்க. நவுருங்க.”

நகர்ந்தேன். செல்வி பார்த்தாள். தலையில்லாமல் நிற்கும் உன்னை அவள் பார்ப்பதை நான் பார்க்க விரும்பாமல் ஃபேனைப் பார்த்தேன்.

“அவரு அப்பவே சொல்லிகிறாரு,” என்றாள் மெதுவாக. “உள்ள மண்ட வரையவே இல்லன்னு.”

எனக்கும் அந்த மத்தியானம் அப்படியே எழுந்து வந்தது. ஏதோ திறப்பு விழாப் படத்தில் குப்பு அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றிப் பெரிய அதிகாரிக்கு வணக்கம் வைக்க வேண்டும் என்றார்கள். நான் சரி சார், சரி சார் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். நீ லேப்டாப்பைத் திருப்பி, ஹெல்மெட்டை நகர்த்திக் காட்டினாய். “கழட்ட முடியாது சார். இவன் பொறந்ததே இப்படித்தான்.” வேலை போயிற்று என்று நான் மனதுக்குள் வாடகையை எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் உன்னைத் திட்டினேன். “மண்டைய வரஞ்சி வச்சா எவனாவது ஒருநாள் கழட்டச் சொல்லுவான்யா” என்றாய். படத்தில் குப்பு அண்ணன் ஹெல்மெட்டோடுதான் வணக்கம் வைத்தான்.

ஜெனிஃபர் தயங்கிக் கேட்டாள்: “ஒரு மண்டைய வரஞ்சி வுட்டுடவா?”

“வேணாம்மா,” என்றாள் செல்வி. “தொப்பிய மட்டும் எடுத்து மேல வையி. நட எங்க?”

நடை இல்லை என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். செல்வி காய்ப்பையைக் கீழே வைத்தாள். “அவரு எப்டி பண்ணுவாரு? நடந்து பாத்துட்டுத்தான வரைவாரு? நீங்க நடங்க.”

கடைக்குப் பின்னால் வாய்க்காலுக்கு இறங்கும் செம்மண் சரிவு. முந்தின நாள் தூறலில் சொதசொதவென்று கிடந்தது. தலையில் ஹெல்மெட்டோடு நான் மேலே நின்றேன். ஜெனிஃபர் போனோடு கீழே. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. கீழ்க்கடைச் செருப்புக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து, “யார்னா புடிங்கப்பா, உருண்டா வாய்க்கா அடைச்சிக்கும்” என்றார். ஊர் உன்னைச் சொன்னதையெல்லாம் சிரித்துக்கொண்டு பரப்பியவன் நான். இப்போது என் முறை.

இறங்கினேன். “இது நீங்க,” என்றாள் செல்வி. மறுபடி இறங்கினேன், தோளைத் தாழ்த்தி. “இது நொண்டறீங்க.” மறுபடி. “இது யாருன்னே தெரில.” முதல் துளி ஹெல்மெட்டில் விழுந்து சத்தம் கேட்டது. ஜெனிஃபர் போனைத் துப்பட்டாவால் மூடினாள். செல்வியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கோபம் இல்லை, பயம். மறந்துபோய்விட்டதோ என்று தேடுகிறவளின் பயம். அதைப் பார்த்ததும் நான் மறுபடி மேலே ஏறினேன்.

சட்டென்று அவள் மாடிக்கு ஓடினாள். ஆணியில் தொங்கும் உன் பையோடு திரும்பி வந்தாள். உள்ளே உன் பழைய லேப்டாப், சாப்பாட்டு டப்பா, குடை, அவள் அப்போது நிரப்பிய தண்ணீர் பாட்டில். “காலிப் பையில தோளு எறங்காதுணா. இத்த மாட்டிகினு வாங்க.”

யோவ், இத்தனை பாரத்தையா தினமும் சுமந்தாய்? தோள் தானாக இறங்கியது. தோள் இறங்கியதும் இடுப்பு மறுபக்கம் போனது, வலது கால் கொஞ்சம் அகலமாக விழுந்தது. பாதிச் சரிவில் வழுக்கியது. பை இழுத்த பக்கமே சாய்ந்து, காலை ஊன்றி, எப்படியோ நின்று, மிச்சத்தையும் இறங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. செருப்புக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். நிமிர்ந்து செல்வியைப் பார்த்தேன். முந்தானையைத் தலையில் போட்டு மழையில் நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னொரு வாட்டி,” என்றாள்.

படம் வெள்ளிக்கிழமை போயிற்று. மீசையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லித் திருத்தம் வந்தது. குறைத்தோம். அதற்கடுத்த வாரம் கம்பெனிக்காரன் இன்னொரு மெயில் அனுப்பினான். நிறுத்தவில்லையாம், புதிதாக எதுவும் சேர்க்கமாட்டானாம், இருப்பது ஓடும்வரை ஓடுமாம். குழுவில் பட்டாசு வெடித்தார்கள். வகுப்பு ஆரம்பித்தவர் மட்டும் சத்தமில்லாமல் போய்விட்டார். நான் என்ன சொல்ல? நீ போன பிறகு நானும் அதே நிலைமையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

பழைய ஃபைல் திறக்கிறது. ஆனாலும் செல்வி இப்போது சனிக்கிழமைகளில் சரிவில் இறங்குகிறவனைத்தான் கேட்கிறாள். ‘அவரு போகாத எடம்’ என்கிறாள்.

இன்று பேனாவைப் பைக்குள் போட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மாட்டாமல் நடந்தால் இப்போதெல்லாம் ஒரு பக்கம் காலியாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது டீக்கடைக்காரர் பின்னாலிருந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உடனே அவருக்கே நினைவு வந்திருக்கும்போல. இரண்டாவது தடவை கூப்பிடவில்லை.

நான் திரும்பவில்லை. நீ ஆட்டுவதுபோலக் கையைத் தூக்கி ஆட்டிவிட்டு, தோளைத் தாழ்த்திக்கொண்டு நடந்தேன்.