விபத்தில்லா டூர்

ஞாயிறு, ஏற்காட்டிலிருந்து திரும்பிய இரவு.

இரும்புத் தகடு அடிக்கும் எங்கள் பிரஸ் ஷாப்பில் விபத்தே நடக்கவில்லை என்று ஒரகடம் கம்பெனி பரிசாக அனுப்பிய டூர் இது. மழையில் படகு விடவில்லை. ஏரிக்கரைச் சாலையில் பனிமூட்டத்துக்குள் நடந்தோம். முன்னால் என் ரூம்மேட் இசக்கி. பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு ஜீப் வந்தது. கத்தினேன். அவன் திரும்பவில்லை. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏப்பா, காது செவிடா?" என்று டிரைவர் திட்டிவிட்டுப் போனார்.

இசக்கி என் வாயையே பார்த்தான். ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு கத்தினான்: "மெசின் சத்தத்துல காது போயிட்டுலே. யார்ட்டயும் சொல்லிராத, வேலைய விட்டுத் தூக்கிருவானுவ."

லைனில் எல்லோருமே கைஜாடையில்தான் பேசுவோம். ரூமிலும் அவன் என் வாயைப் பார்த்தே சமாளித்திருக்கிறான். பக்கத்து மெஷினில் நிற்கிற எனக்கே தெரியவில்லை. அவன் காது போனதை எந்த விபத்துக் கணக்கில் எழுதினார்கள்?

அவன் கத்தியதைக் கேட்டு, சாலையோர டீக்கடையில் நின்ற எங்கள் சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னா தம்பி, உன் ஃப்ரெண்டு நாளைலேந்து வர வேணாம். நீயே பதமா சொல்லிடு."

இசக்கி தூங்குகிறான். காலையில் இதை அவனிடம் நான் கத்தித்தான் சொல்ல வேண்டும்.